மன்னார்க் கல்லூரியும் அதன் மேற்குச் சுவரும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மன்னாருக்குப் போய் வந்தேன். காரணம் என் தங்கச்சி வினோ. மன்னார்த் தீவிலுள்ள பட்டமேற்படிப்புக் கல்லூரியில் அவளுடைய ஆய்வேட்டை அன்றைக்குச் சபையில் வைத்துக் கேள்வி கேட்க இருந்தார்கள். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, திரும்பி வந்து வவுனியாவில் குடியேறிய குடும்பம் நாங்கள். நான் பத்தாம் வகுப்போடு மோட்டார் சைக்கிள் திருத்தப் போய்விட்டேன். அவள் ஆசிரியை. அவளது படிப்பு லீவு அந்த மாதத்தோடு முடிகிறது. தவறினால் இன்னொரு முறை கிடைக்காது. கடையைப் பூட்டிவிட்டுப் போகாமல் இருப்பேனா?

காலை 5.45க்கு பஸ். மன்னார் எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மணி பத்து நிமிடம் எடுத்தது. திருக்கேதீஸ்வரச் சந்தியில் பாதிச் சனம் இறங்கியதால், பாலத்தில் ஏறும்போது எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. பட்டினத்தில் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் இரண்டு ரோல்ஸும் 260 ரூபா. அங்கிருந்து உப்புக்குளம் தாண்டி மூன்று கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 350.

"தங்கச்சிக்கோ சோதினை? அப்ப முன் கதிரையில இருந்திடாதேங்கோ. அது ஊர்ச்சனத்துக்கு" என்றார் ஓட்டோக்காரர், நான் போகிற காரணத்தைச் சொன்னதும்.

உண்மைதான். ஊரைப் பற்றிய ஆய்வு என்றால் ஊரவர் முன்வரிசையில், பேராசிரியர்கள் பின்வரிசையில். முதல் கேள்வி ஊரவருடையது. இது இந்தக் கல்லூரியின் வழக்கம். வேறெங்கும் இப்படி உண்டோ தெரியாது, எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கட்டடத்தைச் சொல்லவேண்டும். கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய முன்மண்டபம்; ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர்கள், ஓட்டுக் கூரை. ஆதியில் பண்டகசாலை, பிறகு அரசாங்க அலுவலர்கள் இருந்த கந்தோர், யுத்தத்தில் கூரை போய்ப் பாழாய்க் கிடந்து, யுத்தம் முடிந்தபின் கல்லூரியாகியிருக்கிறது. பின்னால் இரண்டு மாடிப் புதுக்கட்டடம், நூலகம். விறாந்தையில் மூன்று கழுதைகள் படுத்திருந்தன, காவலாளி விரட்டவில்லை. மன்னாரில் கழுதைக்கும் நிழல் வேண்டும்தானே.

வினோவின் ஆய்வே இந்தக் கட்டடம்தான். மண்டபத்தின் நான்கு சுவர்களும் ஒல்லாந்தர் காலத்தவை என்று படம் போட்டுக் காட்டினாள். எனக்குப் பாதி விளங்கவில்லை, ஆனாலும் கை தட்டினேன். அப்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். பார்வதி அக்கா, ஐம்பது வயதிருக்கும், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், தினக்கூலி வேலை.

"டீச்சர், மேக்குச் சுவர் பழசு இல்லீங்க. கல்லுதான் பழசு. இடிஞ்சு கெடந்த கல்ல எடுத்து நாங்கதான் திருப்பிக் கட்டினோம்."

எனக்கு வந்த கோபம்! இரண்டு வருடப் படிப்பை ஒரு வார்த்தையில் கவிழ்க்கிறாரே, இவருக்கு என்ன தெரியும் என்று எழும்பப் போனேன். வினோ என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே இருந்துவிட்டேன்.

"அதுக்கு அடையாளம் ஏதும் இருக்கோ அக்கா?" என்று கேட்டாள்.

"சுண்ணாம்பு முடிஞ்சுபோச்சு. கடைசியா கட்டின துண்டுக்கு சீமெந்து போட்டோம். அந்த அலுமாரிக்குப் பின்னால பூசாம விட்டிருக்கு, பாருங்க."

மேற்குச் சுவரோடு ஒரு பெரிய அலுமாரி. பழைய ஆய்வேடுகள் அடுக்கியது. சபை முழுவதும் எழுந்து வந்தது. நானும் இரண்டு மாணவர்களும் தள்ளினோம். கற்களுக்கிடையில் சாம்பல் நிறச் சீமெந்து அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தப் பழைய ஆய்வேடுகளை ஆட்டக்கூடாதென்று என் தங்கச்சி அந்த அலுமாரியை மட்டும் நகர்த்தாமலே சுவரை அளந்திருக்கிறாள். படித்தவர்களுக்கே வாய்க்கும் பிழை!

"ஓம். இது என்ர பிழை" என்றாள் வினோ, எல்லாருக்கும் கேட்கும்படி. அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவள் கொப்பியைத் திறந்து, "அக்கா, உங்களோட ஆர் ஆர் வேலை செய்தவை? பேரைச் சொல்லுங்கோ" என்றாள்.

பார்வதி அக்கா ஏழு பெயர் சொன்னார். இரண்டு பேர் இப்போது இல்லை என்றார். பேராசிரியர்கள் அரை மணித்தியாலம் தனியே கதைத்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தை மூன்று வாரத்தில் திருத்தித் தரவேண்டும், அவ்வளவுதான். தேறிவிட்டாள்! நான் போட்ட சத்தத்தில் கழுதைகளும் எழும்பின. எங்கள் பரம்பரையில் முதல் முதுகலைப் பட்டம். பெருமை இல்லாமல் இருக்குமா?

போக நினைப்பவர்களுக்கு: கிழமை நாட்களில் ஒன்பது முதல் நான்கு வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. வெயில் ஏறுமுன் போங்கள், தண்ணீர் கொண்டு போங்கள். பிற்பகல் 3.30 பஸ்ஸைப் பிடித்தால் ஆறு மணிக்கு முன் வவுனியா. நூலகத்தில் கேட்டால் வினோவின் ஆய்வேட்டைக் காட்டுவார்கள்.

திருத்திய பிரதியொன்றை நானே பார்வதி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மேற்குச் சுவரைக் கட்டியவர்கள்" என்று அவருடையதையும் சேர்த்து எட்டுப் பெயர். எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாக வாசித்தார். இறந்துபோன இருவரின் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டு, "அவங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு இதக் கொண்டுபோய்க் காட்டலாமா தம்பி?" என்று கேட்டார்.