ஒரே மாவட்டத்தில் வெளியூர்க்காரன்

இங்கே மழை வந்தால் ஆட்கள் வீட்டுக்குள் ஓடுவதில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மானாவாரிக் காட்டுக்கு ஓடுகிறார்கள். குஜிலியம்பாறைப் பக்கம் குடிவந்து ஒரு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. கண்ணுகளா, திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிற உங்களுக்கு மாவட்டப் படம் முழுக்க ஒரே நிறமாகத் தெரியும். மேற்கே பழநிப் பக்கம் நம் கீரனூர், கிழக்கே இந்த வறண்ட மேடு, நடுவில் மலைக்கோட்டைப் பாறையும் பஸ் ஸ்டாண்டும். அங்கே ஒரு பஸ் மாறினால் போதும், வந்துவிடலாம். ஆனால் இறங்கிய இடத்தில் நான் அந்நிய நாட்டுக்காரன்.

கீரனூரில் வாய்க்கால் தண்ணீர் வயலில் மிஞ்சினால் வரப்பை வெட்டி வடியவிடுவோம். பாகம் பிரித்தபோது அங்கே எனக்குக் கிடைத்தது டிராக்டர் திரும்பக்கூட இடமில்லாத துண்டு. அதை விற்றுத்தான் இங்கே காடு வாங்கினேன். முதல் பெருமழையில், கடலை அழுகிவிடுமே என்று கைப்பழக்கத்தில் வரப்பை வெட்டினேன். தண்ணீர் கீழ்க்காட்டில் இறங்கி, பக்கத்துக் காட்டுக்காரர் சின்னமுத்து அண்ணனின் முளைத்த கடலையை மண்ணோடு வாரிக்கொண்டு போனது.

"பெஞ்ச தண்ணிய வெளிய தள்ளுற ஆள இன்னைக்குத்தான்யா பாக்குறேன். வாய்க்காத் தண்ணி குடிச்ச கொழுப்பு."

"ஏனுங்ணா, தெரியாமப் பண்ணிட்டனுங்க. வெதை நான் வாங்கித் தாரனுங்க."

"வெதைய நீ தருவ. மழைய ஒங்கப்பனா தருவான்?"

மறுநாள் என் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் அண்ணன் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார். பாதை அவர் பட்டாவுக்குள் இருக்கிறது. தாலுகா ஆபீசிலும் அதையே சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஓடையில் இறங்கி ஏறித்தான் போகிறேன். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. எனக்கும் இவர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, இந்தச் செம்மண்ணையும் பிடிக்கவில்லை. ஆனால் பாதை இல்லாமல் விளைந்ததை வெளியே கொண்டுவர முடியாது; பாதையில்லாத காட்டை யாரும் வாங்கவும் மாட்டார்கள். உங்கள் படிப்புக்கான பணம் முழுக்க அந்தக் காட்டில்தான் கிடக்கிறது.

போன வாரம் மறுபடி கனமழை. நான் போய்ச் சேர்ந்தபோது ஓடை இடுப்பளவு புரண்டு ஓடியது, இறங்க முடியவில்லை. அக்கரையில் என் வரப்பு உடைந்திருந்தது. சின்னமுத்து அண்ணன் அதில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். எனக்காக இல்லை, கீழே இருக்கிற தன் காட்டுக்காக.

"முள்ள எடுத்து உடுங்ணா, சுத்தி நானும் வாரனுங்க" என்று கத்தினேன்.

அவர் நிமிரவே இல்லை. "நீ வராட்டித்தான் தண்ணி நிக்கும்."

நின்றது. என் காடு நிறையத் தண்ணீர், அதன் நடுவில் அவர். நான் இக்கரையில், திண்டுக்கல் பஸ் போகிற ரோட்டோரம் நனைந்துகொண்டு நின்றேன்.