பாக்கெட் குழம்பு

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்கு என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், நான் இன்றைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வாய் கிழியப் பேசுகிறவள் என்று மரக்காணத்தில் எனக்குப் பெயர். பேச வேண்டிய ஒரே ஒரு இடத்தில் மட்டும் பதினோரு வருஷமாக ஊமையாக இருந்தேன்.

சென்னையில் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் பாக்கெட் குழம்புதான். கார்ன் சிப்ஸ் பாக்கெட்டை மேலே கிழிக்கக் கூடாது. பக்கவாட்டில் நீளமாகக் கத்தரித்து விரித்துக்கொள்ள வேண்டும். ஊறவைத்த காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம் சேர்த்து அரைத்து, தக்காளி போட்டு, வெந்த காராமணியைக் கொதிக்க விட்ட கெட்டிக் குழம்பை ஒரு கரண்டி அதில் ஊற்ற வேண்டும். மேலே பச்சை வெங்காயம், நாலு சொட்டு எலுமிச்சை. சிப்ஸ் பாதி ஊறியும் பாதி மொறுமொறுப்பாகவும் இருக்கும்போதே பாக்கெட்டிலிருந்து அள்ளித் தின்றுவிட வேண்டும். ஆபீசுக்கு ஒருநாள் கொண்டுபோனேன். எல்லோரும் சுற்றி நின்றுகொண்டு, "இது எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்கள். "எங்க ஊர் சாப்பாடு" என்றேன். அண்ணியின் சாப்பாடு என்று சொல்ல நாக்கு வரவில்லை பாருங்கள்.

அண்ணி, என் ஒரே அண்ணனின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதிச் சமையல்கட்டில் வேலை பார்த்தவள். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, ஊர் ஞாபகம் வந்தால் அடுப்படிக்கு வந்து மாட்டுக்கறியும் பீன்ஸும் மிளகாயும் போட்டு ஒரு குழம்பு வைத்து, சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ளேயே ஊற்றிச் சாப்பிடுவாராம். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பந்து விளையாட்டு நடந்தால் வாசலில் இதைத்தான் விற்பார்களாம். "தின்னுக்கினே அழுவாங்க பாப்பா. நல்லாத்தானே இருக்குது, ஏன் அழறாங்கன்னு நெனப்பேன்" என்று அண்ணி சொல்லுவாள். கறிக்குப் பதில் சென்னாக்கூனி என்கிற பொடி இறாலும், பீன்ஸுக்குப் பதில் காராமணியும் போட்டு அதை எங்கள் வீட்டுக் குழம்பாக்கியவள் அவள்தான். பெயர் வைத்ததும் அவள்தான்.

அண்ணிக்கு ஓர் ஆசை இருந்தது. ஈசிஆர் ரோட்டோரம் ஒரு வண்டி போட வேண்டும். சனி ஞாயிறுகளில் புதுச்சேரிக்குப் போகிற கார்களெல்லாம் அந்த வழியாகத்தானே போகின்றன. அண்ணனும் சரியென்று கூனிமேட்டில் யாரோ கழித்துப் போட்ட ஒரு பழைய தள்ளுவண்டியை வாங்கி வந்து பச்சை பெயின்ட் அடித்து வைத்தான். அம்மாதான் மசியவில்லை. மருமகள் ரோட்டில் நின்று வியாபாரம் பண்ணுவதா என்று நாலு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருநாள் இறங்கி வந்தாள்.

"முதல் உப்பு அன்னிக்கு ஆளுங்களுக்கு உன் கொழம்பையே ஊத்து. அவங்க தின்னுட்டு நல்லா இருக்குதுன்னு சொன்னா வண்டியைத் தள்ளிக்கினு போ. நான் ஒண்ணும் சொல்லல."

எங்கள் அப்பா குத்தகைக்கு எடுத்த உப்பளத்தில் மாசியில் முதல் உப்பு வாருவார்கள். அன்று வேலைக்கு வருகிற எல்லோருக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு. முதலில் பாத்தி ஓரத்தில் கற்பூரம் ஏற்றிப் படைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் யாரும் வாயில் வைக்கலாம். அதனால் அன்றைய சமையலை ருசி பார்க்கும் பேச்சே கிடையாது. அதற்காகவே எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். யார் பானையில் உப்பு போட்டாலும், "உப்பு போட்டாச்சு" என்று வீடே கேட்கும்படி கத்த வேண்டும். சாதாரண நாளிலும் அப்படித்தான். அடுப்பைக் கடந்து போகிற எவரும் எங்கள் வீட்டில் உப்பு போடுவார்கள். வீடு முழுக்க மூட்டை மூட்டையாக இருப்பது அது ஒன்றுதானே. கத்தவில்லை என்றால் போடவில்லை என்று அர்த்தம்.

அந்த வருஷம் நான் காலேஜ் முதல் வருஷம். சிநேகிதிகளோடு காலேஜைக் கட் அடித்துவிட்டுப் புதுச்சேரிக்குப் போயிருந்தேன். அண்ணி அதை அண்ணனிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். அண்ணன் அம்மாவிடம் சொல்ல, அம்மா விளக்குமாற்றை எடுக்க, அதோடு அண்ணியோடு பேச்சை நிறுத்தினேன். நாலு நாள். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பேன். அவள் கொடுத்த டீயை நாய்க்கு ஊற்றினேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது. அன்றைக்கு என் கோபம் எனக்குப் பெரிய ராஜாங்கம்.

முதல் உப்பு நாள் காலை. பின்கட்டில் மூன்று கல் வைத்துப் பெரிய அண்டாவில் குழம்பு. படையல் என்பதால் சென்னாக்கூனி இல்லை, காராமணி மட்டும். கூனிமேட்டு பாய் கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள் மூட்டையாகக் கிடந்தன. அம்மாவும் அப்பாவும் விடியும்போதே உப்பளத்துக்குப் போய்விட்டார்கள், அண்ணன் அவர்களோடு. உள்ளே அண்ணியின் குழந்தை அழுதது, ஆறு மாதப் பிள்ளை. அண்ணி பால் கொடுக்க எழுந்து போனாள். நான் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். குழம்பு தளதளவென்று கொதித்து வந்தது. எழுந்தேன், ஜாடியைத் திறந்தேன், கை நிறையக் கல்லுப்பை அள்ளிப் போட்டேன். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. கொதிக்கிற பானையைப் பார்த்தால் எங்கள் கை தானாகவே உப்புக்குப் போகும்.

ஆனால் கத்தவில்லை.

கத்தினால் அவளிடம் பேசியதாகிவிடுமே! நாலு நாள் கட்டிக் காத்த வீம்பு போய்விடுமே! பேசாமல் குளிக்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணி பின்கட்டுக்கு வந்தாள். "பாப்பா, கொழம்புல உப்பு போட்டியா?" என்று கேட்டாள். கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் ஒரு சொம்பு தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். மறுபடியும் கேட்டாள். இன்னொரு சொம்பு. போட்டால் போடட்டும் என்று நினைத்தேனா? இல்லவே இல்லை என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை.

சிப்ஸிலேயே உப்பு இருக்கிறது, குழம்புக்குப் பாதி உப்புதான் என்பது அண்ணியின் கணக்கு. அவள் அந்தப் பாதியைப் போட்டாள். என் கை உப்பு அதற்கு முன்பே உள்ளே கரைந்து கிடந்தது.

உப்பளத்தில் கற்பூரம் ஏற்றினார்கள். வாழை இலையில், விரித்த ஒரு சிப்ஸ் பாக்கெட் படையலாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அண்ணிக்கும் சிரிப்பு. கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றிக்கொண்டே போனாள். இருபது பேர் வரப்பில் உட்கார்ந்து வாயில் வைத்தார்கள். முதல் உப்பு அன்று உப்பைக் குறை சொல்லக் கூடாது. ஒவ்வொருவராகப் பாக்கெட்டை மெதுவாகக் கீழே வைத்தார்கள். தண்ணீர்க் குடம் கை மாறி மாறிப் போய்க் காலியானது. கடைசியில் ஒரு வயசான அம்மாதான் பொறுக்க மாட்டாமல், "ஏம்மா, நாங்க வார்றதுக்கு முன்னாடியே எல்லா உப்பையும் நீ வாரிட்டியா?" என்றார்கள். வரப்பு முழுக்கச் சிரிப்பு.

அண்ணி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் செத்துப்போனது. நேராக என்னிடம் வந்தாள்.

"பாப்பா, நீ எதுனா உப்பு போட்டியா? கோச்சிக்க மாட்டேன், சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பார்த்தாள்.

"நான் ஏன் போடப்போறேன்?" என்றேன். நாலு நாளில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ரெண்டு வாட்டி போட்டுட்டு முழிக்கிறா பாரு. கை இல்ல, உப்புக்கை" என்றாள் அம்மா. "இந்தக் கையை வெச்சிக்கினு ரோட்டுல வண்டி போடணுமாம்."

வண்டிப் பேச்சு அதோடு முடிந்தது. பச்சை வண்டி பின்கட்டில் நின்றது, அதில் கோழிகள் அடைந்தன. உப்புக்கை என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. சொந்தத்தில் கல்யாணம் காதுகுத்து என்றால் அண்ணிக்குக் காய் நறுக்குகிற வேலைதான். அடுப்புப் பக்கம் போனால் யாராவது, "ஐயோ, உப்புக்கை வருது" என்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நானும்தான் சிரித்திருக்கிறேன். சொல்லவே கூசுகிறது.

அதற்கப்புறம் வீட்டில் தனியாகச் சமைத்தாலும் அண்ணி, "உப்பு போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்வாள். சொல்லிவிட்டு, அடுப்பு மேடையில் ஒரு கல் உப்பை எடுத்து ஓரமாக வைப்பாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் எதில் போய் முடியுமோ என்று பயம். எனக்குக் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா போய்விட்டாள். சாகிறவரைக்கும் அவளுக்கு மருமகள் உப்புக்கைதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அண்ணி பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என் மகள் அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அத்தை, உங்களுக்கு பாக்கெட் கொழம்பு தெரியுமா? எங்கம்மாவோட ஸ்பெஷல். செம்மயா இருக்கும்!"

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். குத்தல் இருக்கிறதா என்று அவள் முகத்தில் தேடினேன். இல்லை.

"அப்படியா கண்ணு? அம்மாவை செய்யச் சொல்லு. அத்தையும் தின்னு பாக்கறேன்."

சிப்ஸ் வாங்க அண்ணன் என் மகளைக் கூட்டிக்கொண்டு கூனிமேட்டுக்குப் போனான். நான் அண்ணியின் அடுப்பில் காராமணியை ஏற்றினேன். மேடை ஓரத்தில் காலைச் சமையலுக்கு வைத்த அந்த ஒரு கல் உப்பு இருந்தது. குழம்பு கொதித்து வந்ததும் பாதிக் கை உப்பு போட்டேன். வாய் திறந்தது.

"உப்பு போட்டாச்சு!"

"ம்" என்றாள் அண்ணி, பின்கட்டிலிருந்து.

"அண்ணி, அன்னிக்கும் நான்தான் போட்டேன்."

"என்னிக்கு?"

"முதல் உப்பு அன்னிக்கு. நீங்க புள்ளைக்குப் பால் குடுக்கப் போனப்ப. கை நிறைய போட்டேன். நீங்க கேட்டது குளிக்கிற எடத்துல காதுல விழுந்துச்சு. வீம்புக்குச் சொல்லாம இருந்துட்டேன். அப்புறம் எல்லார் எதிர்லயும் பொய் சொல்லிட்டேன்."

மீன் செதில் ஒட்டிய கையோடு வாசற்படிக்கு வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் ரெண்டு வாட்டி போடலையா?"

"இல்ல அண்ணி."

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "போட்ட உப்பையே திரும்பப் போடும். அடுப்பை அணைச்சமான்னு தெரியாது. அப்புறம் எங்க யாரையுமே தெரியாம போயிடுச்சு. எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன். கைப்புள்ளய வெச்சிக்கினு. உங்க அண்ணன்கிட்ட கூட சொல்லல. அந்தக் கல்லு அதுக்குத்தான் வெக்கிறேன். போட்டமா இல்லையான்னு பாத்துக்கலாம்னு."

வண்டிதான் போனதென்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிச்சிடுங்க அண்ணி என்றேனா, என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அழுதேன் என்பது மட்டும் தெரியும். அண்ணி அழவில்லை, திட்டவும் இல்லை. புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"உனக்கு நல்லா ஞாபகம் இருக்குதா பாப்பா? நான் ஒரு வாட்டிதானே போட்டேன்?"

"ஒரு வாட்டிதான் அண்ணி."

"இன்னொரு தடவ சொல்லு."