மன்னர் கொடுத்த கெடு

பக்கத்து வீட்டு இரத்தினசிங்கம் பஸ் ஓட்டுகிறவர். எங்கள் பகுதியான மவுண்ட் ஆல்பர்ட்டில் அவர் வண்டி பிந்தியதாக யாரும் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரைப் பெல்ஜிய அரசியல் பாடாய்ப் படுத்திவிட்டது.

மகள் கம்சாயினி அதே நகரின் இன்னொரு மூலையான ஒடாஹுஹுவில் பார்மசிஸ்ட். அவளுக்கு நிச்சயித்த ஷர்வின், பிரஸ்ஸல்ஸில் ஒரு கட்சித் தலைவருக்கு உதவியாளன். அங்கே தேர்தல் முடிந்து, ஐந்து கட்சிகள் சேர்ந்து அரசு அமைக்கப் பேசிக்கொண்டிருந்தன. "அரசாங்கம் அமைஞ்ச உடன வந்து தாலி கட்டுறன் மாமா" என்றிருந்தான்.

அமைந்தால்தானே! ஒரு கட்சி புது வரி கூடாது என்றது. இன்னொன்று பென்ஷனில் கைவைக்காதே என்றது. பேச்சை நடத்துகிறவர் மன்னரிடம் போய்க் கையை விரிப்பார். மன்னர் இன்னும் கொஞ்ச நாள் கெடு கொடுத்து அனுப்புவார். நம் சம்பந்திச் சண்டையே தேவலை.

இரத்தினசிங்கம் அந்தக் கெடுவை நம்பினார். அது முடிகிற நாளுக்கு அடுத்த வாரத்திலேயே ஐயரிடம் முகூர்த்தம் கேட்டு மண்டபமும் பிடித்துவிட்டார். "ராசா வச்ச நாள் பிந்துமோ?" என்று என்னையே மடக்கினார். பிந்தியது. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கிய பிறகு கல்யாணத்தைத் தள்ளக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பொன்னுருக்கியும் ஆயிற்று, தள்ளியும் ஆயிற்று. மறுபடி ஒரு கெடு, மறுபடி ஒரு முகூர்த்தம். அதுவும் போனது.

எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. கோயிலில் யாராவது "எப்ப கல்யாணம்?" என்றால், கம்சாயினி "பெல்ஜியத்தைக் கேளுங்கோ" என்பாள். சிரிக்கமாட்டாள்.

ஒருவழியாக அரசு அமைந்த செய்தி வந்த காலையில் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஷர்வினே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் குரல் துள்ளியது.

"மாமா, எங்கட தலைவர் அமைச்சராயிட்டார்! என்னையும் தன்ர அலுவலகத்துக்கு எடுத்திருக்கிறார். இனித்தான் வேலையே. ஒரு ஆறு மாசம் பொறுங்கோ."

"ஓம் தம்பி, பொறுப்பம்" என்றார் இரத்தினசிங்கம், வழக்கம்போல.

கம்சாயினி அவர் முன்னால் வந்து நின்றாள். "பொறுக்கிறது ஆர் அப்பா? நீங்களோ, நானோ? அஞ்சு கட்சியோட விடிய விடியக் கதைச்சவருக்கு என்னோட கதைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கேல்ல."

இரத்தினசிங்கம் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு போனை வாயருகே கொண்டுபோனார்.

"தம்பி, நீர் உம்மட அமைச்சரோடையே குடும்பம் நடத்தும். என்ர பிள்ளை இனிப் பொறுக்கமாட்டா."