அஞ்சு கிளிப்பும் ஒரு பாவாடையும்

சேலை கட்டிக்கிட்டு கேமரா முன்னால நின்னதுக்கு என்னைத் தைரியசாலின்னு சொன்னாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, லைவ் போடற அன்னைக்கெல்லாம் சொன்னாங்க. "சூப்பர் சிஸ்டர், இந்த உடம்ப வெச்சுக்கிட்டு எவ்வளவு தைரியமா நிக்கறீங்க!" ஏனுங்க, சேலை கட்டறதுக்கு என்னங்க தைரியம்? நான் என்ன கெணத்துலயா குதிச்சேன்? இதே உடம்போட உரமூட்டையத் தூக்கிட்டு வரப்புல நடந்திருக்கேன், அப்ப ஒருத்தரும் வந்து கை தட்டல.

சங்ககிரி ரோட்டுல ஒரு மாடிக் கடைல எனக்கு வேலை. கடைன்னா ஆளு வந்து ஒக்காந்து பாத்து வாங்கற கடை இல்ல. தினமும் காலைல பதினோரு மணிக்குப் போனுல லைவ் ஓடும். ஒரு பொண்ணு சேலையக் கட்டிக் காட்டுவா. புடிச்சவங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்புல அனுப்பணும். நாங்க மடிச்சு, பார்சல் கட்டி, கொரியர்ல போடுவோம். நான் பார்சல் கட்டறவளாத்தான் சேர்ந்தேன். லைவுல நிக்கற பொண்ணு முருங்கக்காயாட்டம் இருப்பா. அவளுக்குக் காலேஜ் பரிட்சை வந்து நாலு நாள் லீவு போட்டப்போ, கடைக்கார அக்கா வேற வழியில்லாம என்னைப் புடிச்சு நிறுத்திட்டாங்க.

நான் நின்ன அன்னைக்குக் கமெண்ட்டு கொட்டுச்சு. யானைன்னு ஒருத்தன் போட்டான், சரி, அவன் அம்மா எலும்புக்கூடா இருப்பாங்களாட்ட இருக்குன்னு விட்டுட்டேன். ஆனா பொம்பளைங்க வேற மாதிரி எழுதுனாங்க. "அக்கா, நீங்க எங்களாட்டமே இருக்கீங்க. எங்களுக்கு எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." அன்னைக்கு அந்தச் சேலைல ஒண்ணுகூட மிச்சமில்ல. பரிட்சை முடிஞ்சு அந்தப் பொண்ணு திரும்பி வந்தப்போ, அவளப் பார்சல் கட்டச் சொல்லிட்டாங்க.

ரெண்டே வாரத்துல எனக்குப் பின்னால செவுத்துல ஒரு எழுத்து வந்துருச்சு. 'எல்லா உடம்பும் அழகுதான்'. சுத்தியும் சின்னச் சின்ன லைட்டு. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் ஜிலுஜிலுன்னுதான் இருந்துச்சு. நாப்பது வயசுக்கு மேல ஒருத்திய அழகுதான்னு செவுத்துல எழுதி வெச்சா யாருக்குத்தான் கசக்கும்?

அப்புறந்தான் அந்தப் பாவாடை வந்துச்சு. ரப்பராட்டம் இழுபடற துணி, மார்புக்குக் கீழ இருந்து முழங்கால் வரைக்கும் கவ்விப் புடிக்கும். அதை மாட்டறதுக்குள்ள எனக்கு வேர்த்து ஊத்திரும். அக்கா ஒரு காலு வெச்சு மிதிக்காத குறையா இழுத்து விடுவாங்க. அதுக்கு மேல சேலை. முதுகுப் பக்கம் துணி காயப்போடற கிளிப்பு அஞ்சு, முன்னால ஒரு சுருக்கம் விழாத மாதிரி. போனை என்ற தலைக்கு மேல ஒரு சாண் ஒசத்திப் புடிப்பாங்க. "மூச்ச இழுத்துப் புடி புள்ள, ஆங், அப்படியே."

"எல்லா உடம்பும் அழகுதான்னு எழுதி வெச்சுட்டு இது எதுக்குங்க்கா?"ன்னு ஒரு நாளு கேட்டே போட்டேன்.

அக்கா சிரிச்சாங்க. "குண்டா இருக்கலாம் புள்ள. தொளதொளன்னு இருக்கக்கூடாது."

அதுக்கு மேல நானும் கேக்கல. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து அவுத்தா இடுப்பச் சுத்தி கயிறு கட்டுன மாடாட்டம் செவசெவன்னு தடம் இருக்கும். தேங்காயெண்ணெயத் தடவிட்டு மறுநாளும் போய் நின்னேன். நின்னுக்கிட்டு, "உங்க உடம்ப அப்படியே ஏத்துக்கங்க சிஸ்டர்ஸ்"னு வாய் கூசாம சொன்னேன்.

ஒரு நாளு மத்தியானம் ஒரு பொண்ணு மாடிப்படி ஏறி வந்தா. முப்பது வயசு இருக்கும். என்ற அளவேதான் ஒடம்பு. புதுச்சத்திரத்துல இருந்து பஸ்ஸு மாறி வந்திருக்கா, கைல எங்க கடைக் கவரு. சேலையத் திருப்பிக் குடுக்க வந்திருக்கான்னு நெனச்சேன். அவ என்னைப் பாத்ததும், "அக்கா, லைவுல வர்ற அக்கா நீங்கதானுங்க? இதை எப்படிக் கட்டறீங்கன்னு கட்டிக் காமிங்கக்கா"ன்னா.

அவ அண்ணனுக்கு அந்த வாரம் கல்யாணம். எங்க பக்கம் கல்யாணத்துல இணைச்சீருன்னு ஒண்ணு உண்டு. தாலி கட்டறதுக்கு முன்னால மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவ, தானும் ஒரு கல்யாணப் பொண்ணாட்டம் சோடிச்சுக்கிட்டு அவன் பக்கத்துல நின்னு சீரு செய்யணும். சொந்தபந்தம் பூராச் சுத்தி நிக்கும், வீடியோக்காரன் லைட்டப் போட்டுட்டு நிப்பான். கூடப் பொறந்தவ இல்லைன்னா சித்தப்பன் பெரியப்பன் பொண்ணு நிப்பா. ஆனா கூடப் பொறந்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ இன்னொருத்தி நின்னா, அது அவளுக்குச் சாகற வரைக்கும் நெஞ்சுல கெடக்கும்.

இவளுக்கு ரெண்டு கொழந்தைங்க. ரெண்டாவது பொறந்ததுல இருந்து எந்த விசேசத்துக்குப் போனாலும் சமையக்கட்டுப் பக்கமே நிப்பாளாம், போட்டோக்காரன் அங்க வரமாட்டான்னு. இணைச்சீருக்கும் மாட்டேன்னுதான் சொல்லீட்டு இருந்திருக்கா. "ரெண்டு மாசமா உங்களப் பாத்துப் பாத்துத்தானுங்க்கா நிக்கறேன்னு ஒத்துக்கிட்டேன். இதே சேலை. நேத்து கட்டிப் பாத்தா எனக்கு வயிறு மடிஞ்சு விழுது. உங்களுக்கு விழவே மாட்டேங்குது. நீங்களும் என்ற அளவுதானுங்க்கா? எனக்கு மட்டும் ஏன் இப்படி வருது?"

சரக்கு ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டிவிட்டேன். அவ கட்டியிருந்த நாடாப் பாவாடை மேலயே நல்லா நெருக்கி மடிப்பு வெச்சேன், எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டுனேன். ஒரு ஒடம்பு சேலை கட்டுனா எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்துச்சு. அழகாத்தான் இருந்தா. ஆனா அவ கண்ணாடிய விட்டுட்டு என்ற வயித்தையே பாத்தா. அப்ப நான் லைவு முடிஞ்ச கையோட, அந்தப் பாவாடைய அவுக்காமதான் நின்னுட்டு இருந்தேன்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துருச்சு. அதுக்குள்ள அக்கா கதவுகிட்ட வந்து நின்னு என்னை ஒரு முறை மொறச்சுட்டு, அவகிட்ட நெம்ப அன்பாச் சொன்னாங்க. "உடம்பு ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க கண்ணு. மனசுல கான்ஃபிடன்ஸ் வேணும். அது உங்களுக்குப் பத்தல."

அடப்பாவி! அஞ்சு கிளிப்பும் ஒரு ரப்பர் பாவாடையும் செய்யற வேலைக்கு அவ மனசப் போய்க் குத்தம் சொல்றாங்க. முன்னெல்லாம் குண்டா இருக்கறன்னு சொல்லி அழ வெப்பாங்க. இப்ப, குண்டா இருந்துக்கிட்டு ஒழுங்காச் சந்தோசமா இருக்கத் தெரியலையேன்னு சொல்லி அழ வெக்கறாங்க. அந்தப் புள்ள கண்ணத் தொடச்சுக்கிட்டு, "சித்தப்பா பொண்ணையே நிக்கச் சொல்லிர்றனுங்க"ன்னுட்டு சேலைய மடிச்சா. போறப்போ, சந்தேகம் வந்தா கேக்கறேன்னு என்ற நம்பரை மட்டும் வாங்கிட்டுப் போனா. நான் ஊமையாட்டம் நின்னேன். அந்த ஊமைத்தனத்த நெனச்சா இன்னைக்கும் எனக்கு என்னையே ரெண்டு சாத்தலாம்னு இருக்குது.

மறுநாளு காலைல ஊட்டுல இருந்தே நாடாப் பாவாடை கட்டி, கடைச் சேலையச் சுத்திக்கிட்டுப் போனேன். லேட்டாயிருச்சுன்னு சொல்லி நேரா மேசைக்குப் பின்னால போய் நின்னுட்டேன், அக்காவுக்குத் தெரியல. லைவு ஓட ஆரம்பிச்சுது. மொதச் சேலையக் காட்டி முடிச்சதும் மேசைய விட்டு முன்னால வந்தேன். பைல இருந்து அந்தப் பாவாடைய எடுத்துத் தூக்கிக் காட்டுனேன். கிளிப்பு அஞ்சையும் ஒவ்வொண்ணா மேசை மேல வெச்சேன்.

"இத்தன நாளா இதை மாட்டிக்கிட்டுத்தான் உங்ககிட்ட அழகா நின்னேன். இன்னைக்கு மாட்டல. இதுதான் என்ற வயிறு, பாத்துக்கங்க"ன்னு சொல்லிப் பக்கவாட்டுல திரும்பி, முழுசா ஒரு சுத்துச் சுத்தி நின்னேன். "நேத்து புதுச்சத்திரத்துல இருந்து வந்த கண்ணு, நீ பாத்துட்டு இருந்தீன்னா கேளு. உன்ற கட்டுல குத்தமில்ல, உன்ற மனசுலயும் குத்தமில்ல. பொய் சொன்னது நானு. போய் உன்ற அண்ணன் பக்கத்துல நில்லு சாமி."

போனை நிறுத்தணும்னு அக்காவுக்குத் தோணறதுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு. நிறுத்துன பின்னால ஆடித் தீத்துட்டாங்க. எத்தன பேரு பொழப்புல மண்ணப் போட்டேன்னு கேட்டாங்க. திட்டறப்பவும் ஒரு கை முந்தானைய இழுத்து இழுத்து அவங்க வயித்த மூடிக்கிட்டே இருந்துச்சு. நாளைல இருந்து வர வேண்டாம்னு சொன்னாங்க. சரிங்க்கான்னு டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டேன்.

பார்சல் கட்டற அந்த முருங்கக்காப் பொண்ணு படிக்கட்டு வரைக்கும் வந்து கமெண்ட்டையெல்லாம் காட்டுனா. ஏதோ ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கும்னு நெனச்சீங்களா? நாலஞ்சு பேரு இதயம் போட்டிருந்தாங்க. மத்தவங்கள்ல முக்காவாசிப் பேரு கேட்டது ஒண்ணுதான்: "சிஸ்டர், அந்தப் பாவாடை என்ன வெலை? எங்க சைஸுக்குக் கெடைக்குங்களா?" எனக்குச் சிரிக்கறதா, தலைல அடிச்சுக்கறதான்னு தெரியல.

புதுச்சத்திரத்துப் புள்ளகிட்ட இருந்து சத்தமே இல்ல. கல்யாணத்தன்னைக்குக் காலைல மாவு கரச்சுட்டு இருந்தேன், போனு மினுங்குச்சு. போட்டோ. அதே சேலை. அண்ணன் பக்கத்துல, லைட்டு வெளிச்சத்துல, அவதான் நிக்கறா. கீழ ஒரே வரி: "நானேதான் நின்னனுங்க்கா."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆனா ஒண்ணச் சொல்லியே ஆகணும். இத்தனை வாய் பேசற நானு, வேலையே போனாலும் பரவால்லைன்னு நின்ன நானு, அந்தப் போட்டோ தொறந்ததும் மொதல்ல எதைப் பாத்தேன் தெரியுங்களா? அவ வயித்த. மடிப்பு விழுதா, எத்தன விழுதுன்னு.

அவ சிரிச்சுட்டு இருக்கறா. அதைப் பாக்க எனக்கு ரெண்டாவது தடவை பாக்க வேண்டியிருந்துச்சு.