நெல்லைச் சுற்றிப் போன பிள்ளைகள்

பாத்தும்மாவின் சத்தத்துக்குப் பயப்படாமல் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. நான் அங்கே மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் சத்தத்துக்கு அதில் அரைவாசிகூடப் பயந்ததில்லை.

அவள் நெல் அவிக்கிறவள். புருஷன் முத்தலிப் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு மருதமுனையில் பத்துப் பதினைந்து வீடுகளின் நெல்லை எடுத்து அவித்து, காயவைத்து, மில்லில் குற்றுகிற பதத்துக்குச் சாக்கில் கட்டிக் கொடுத்துத்தான் சீவித்தாள். முதலில் ஒரு மில்லின் சீமெந்துக் களத்தில் காயவைத்தாள். எழுபத்தெட்டுச் சூறாவளியில் களத்தின் மேல் மரங்கள் விழுந்து சீமெந்து பிளந்துபோனது. முதலாளி அதைத் திருத்தவில்லை. பாத்தும்மா நெல்லைத் தூக்கிக்கொண்டு பெரிய வீதிக்கு வந்தாள். அவள் மட்டுமா வந்தாள்? அறுவடைக் காலத்தில் கல்முனை தொடங்கி வடக்கே பாதி வீதி நெல்லாகத்தான் கிடக்கும். தார் கொதிக்கிற வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிடும். எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

வேலியடி மணலில் படங்கை விரித்து, அங்கிருந்து நடு வீதி வரைக்கும் நெல்லைப் பரப்புவாள். வாகனங்கள் விலகிப் போகட்டும் என்று நடுவில் வரிசையாகக் கல் வைப்பாள். பிள்ளைகள் விலகிப் போவதற்கு அவளுடைய வாயே போதும்.

“நெல்லுல கால வெக்காத புள்ள. அல்லாஹ் தந்த றிஸ்க்கு.”

நெல் சீராகக் காய்வதற்காக அவள் மட்டும் காலால்தான் அதைத் துழாவுவாள். அது வேலை செய்கிற கால், மிதிக்கிற கால் அல்ல என்பாள். அதில் என்ன பிழை? சிந்திய சோற்றுப் பருக்கையையும் றிஸ்க்கு, இறைவன் அளந்த உணவு என்று பொறுக்கி ஓரமாக வைக்கிற ஊர் எங்களுடையது. நெல்லை மிதிப்பது பாவம் என்று எல்லா வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்தோம். என் வகுப்புச் சுவரில் வீதி ஒழுங்குப் படம் ஒன்றும் தொங்கியது. வலப்பக்க ஓரமாக நடக்க வேண்டும், மஞ்சள் கடவையில் கடக்க வேண்டும். எங்கள் ஊரில் மஞ்சள் கடவை இல்லை. அறுவடைக் காலத்தில் ஓரமும் இல்லை. நான் வெட்கமில்லாமல் அதைப் படிப்பித்தேன், பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவித்தார்கள்.

எண்பத்தோராம் ஆண்டு மார்ச் மாதம். பள்ளிக்கூடம் விட்ட நேரம், பகல் ஒன்றரை மணி இருக்கும். சித்தி லைலா என் வகுப்புப் பிள்ளை, தறி நெய்கிற ஹாஜறாவின் மூத்த மகள். எட்டு வயது. காலில் செருப்பில்லை. வேலியோர மணலில் வந்தவள், நெல் தொடங்குகிற இடத்தில் நின்றிருக்கிறாள். தார் சுடும் என்று தெரியும். நெல்லின் மேலால் போகலாமா என்று ஒரு காலைத் தூக்கியிருக்கிறாள். துழாவிக்கொண்டிருந்த பாத்தும்மா கண்டுவிட்டு வழக்கம்போலச் சத்தம் போட்டாள். பிள்ளை தூக்கிய காலைப் பின்னுக்கு எடுத்து, கற்களைச் சுற்றித் தாரில் இறங்கி ஓடியது. மிச்சமிருந்த பாதி வீதியில் செங்கல் ஏற்றிய லொறியொன்று வந்தது. லொறிக்கும் ஒதுங்க இடமில்லை.

அந்த இடத்திலேயே மௌத்து.

மறுநாள் ஆண்கள் பிள்ளையை அடக்கிவிட்டு வந்ததும் பாத்தும்மா ஹாஜறாவின் வாசலில் போய் விழுந்தாள். தான் சத்தம் போட்டிராவிட்டால் பிள்ளை நெல்லின் மேலால் வீடு வந்து சேர்ந்திருக்கும், தானே கொன்றுவிட்டதாகச் சொல்லி அழுதாள். ஹாஜறா அவளைத் தூக்கி இருத்தினாள்.

“நீங்க என்ன செஞ்ச ராத்தா? நல்லதத்தானே சொன்னீங்க. அதுட முடிவு அங்கதான் எண்டு எழுதியிருக்கு.”

ஹாஜறா கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால் பாத்தும்மா அதைத் தாங்கியிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஹாஜறா சொன்னதையேதான் ஊர் முழுக்கச் சொன்னது. நானும் சொன்னேன். எல்லாவற்றையும் நஸீப் என்று விதியின் தலையில் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழும்புவது எங்களுக்குக் கைவந்த வேலை. அன்றைக்கு வீதியில் காய்ந்த நெல்லில் இரண்டு சாக்கு என்னுடையது. அது வீடு வந்து சேர்ந்தது. அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டோம்.

பாத்தும்மா அதன் பிறகு ஒரு பிள்ளையையும் ஏசவில்லை. பள்ளிவாசல் வளவில் நெல் காயவைக்க இடம் தரச் சொல்லிக் கேட்டாள். யோசிப்போம் என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாம் என்றும் பார்த்தாள், ஆனால் வேறு எதைச் செய்து தின்பது?

சில மாதம் கழித்துச் சிறுபோக அறுவடை வந்தபோது வேலியோரமாக இரண்டடி மணலை வெறுமையாக விட்டு, மிச்ச இடத்தில் நெல்லைப் பரப்பினாள். பிள்ளைகள் அந்த இரண்டடிக்குள்ளால் வரிசையாகப் போனார்கள். ஒரு கிழமை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒடுங்கிய இடத்தில் தடிப்பாகப் பரப்பிய நெல் சரியாகக் காயவில்லை. அரிசி உடைந்தது, சோற்றில் கெட்ட மணம் வந்தது. நெல் கொடுத்த வீடுகள் முணுமுணுத்தன. பழையபடி பரப்பும்படி போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே, மாஸ்டர்தான் பக்குவமாகச் சொல்வார் என்று என்னை அனுப்பினார்கள். நானும் போய்ப் பக்குவமாகச் சொன்னேன். அந்தப் பக்குவத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே அருவருப்பு வருகிறது.

அவள் மறுத்துப் பேசவில்லை. என்னைப் பார்த்து, “ஓம் சேர்” என்றாள். அடுத்த நாள் நெல் பழையபடி வேலிவரை கிடந்தது.

அன்றைக்கும் ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டது. பாத்தும்மா நெல் தொடங்குகிற இடத்தில் வந்து நின்றாள். பிள்ளைகள் அவளைக் கண்டதும் தயங்கினார்கள்.

“நெல்லுக்கு மேலால போங்க மக்காள். மிதிச்சாக் காரியமில்ல. போங்க.”

ஒரு பிள்ளையும் அசையவில்லை. தானே நெல்லின் மேல் நடந்து காட்டினாள். அது துழாவுகிற கால் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். முன்னுக்கு நின்றவள் உம்மு, சித்தி லைலாவின் தங்கை, முதலாம் வகுப்பு. பாத்தும்மா குனிந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

“நீ போ கிளி. உன்னப் பாத்து மத்தப் புள்ளைகளும் வரும்.”

“மிதிச்சாப் பாவம் மாமி” என்றது அந்தப் பிள்ளை. “எங்கட லைலா ராத்தாவும் மிதிக்கல்லதானே.”

பாத்தும்மா அவளுடைய கையை விட்டாள். பிள்ளையை இடுப்பில் பிடித்துத் தூக்கி நெல்லின் நடுவே இறக்கப் பார்த்தாள். உம்மு இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டாள். எவ்வளவு தாழ்த்தியும் காலைக் கீழே விடவில்லை. பாத்தும்மா அவளை அப்படியே சுமந்துகொண்டு நெல்லைத் தாண்டினாள். அவள் திரும்பி வருவதற்குள் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கற்களைச் சுற்றித் தாரில் இறங்கிவிட்டார்கள். வடக்கே ஒரு பஸ் ஹோன் அடித்தது.

நான் அவர்களுக்குப் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். நானும் நெல்லைச் சுற்றித்தான் போனேன்.