சொட்டுக் குழாயை மூடியவர்

வீட்டுக்குள் கடல் வைத்துக்கொள்ளும் பணக்காரர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் வீட்டுக் கடலைப் பராமரித்துத்தான் பல வருடமாகச் சாப்பிடுகிறேன் என்பது வேறு விஷயம். பெருங்குடியிலிருந்து வண்டியில் கிளம்பினால் அடையாறில் இரண்டு வீடு, தி.நகரில் ஒன்று, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒன்று. எல்லா வீட்டிலும் உப்புநீர்த் தொட்டி, அதில் பவளம், எதிரே சோபா. சோபாவில் சாய்ந்துகொண்டு விருந்தாளிக்கு மீனைக் காட்டுவார்கள். பவளம் ஒரு உயிர் என்று சொன்னால் ஜோக்கடிக்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நான் கண்ணாடியைத் துடைப்பேன்.

பவளம் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்கிறது. அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கடலில் அது தீராது. ஆறடித் தொட்டியில் சில நாளில் தீர்ந்துவிடும். அதற்காகத் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் கால்சியம் ரியாக்டர் என்று ஒன்றை மாட்டுகிறோம். பெயர்தான் பெரிது. மூடிய ஒரு உருளை, அதற்குள் செத்த பவளத்தின் நொறுங்கல், பக்கத்தில் ஒரு கேஸ் சிலிண்டர். சோடாவில் அடைக்கிற அதே வாயு உருளைக்குள் குமிழி குமிழியாக இறங்கும். உள்ளே சுற்றும் தொட்டி நீர் புளித்துப்போகும். அந்தப் புளிப்பில் நொறுங்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த நீர் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குத் திரும்பும். வேகமாக விட்டால் நீர் சரியாகப் புளிக்காது, கல்லும் கரையாது. சொட்டு நின்றால் பவளத்துக்குச் சாப்பாடு நின்றது. இவ்வளவுதான் விஷயம்.

ராஜா அண்ணாமலைபுரத்து வீடு ஓய்வு பெற்ற ஆடிட்டர் ஒருவருடையது. மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பம், இப்போது அடுக்குமாடியில். அவர் தொட்டியில் என் பவளம் ஒன்று இருந்தது. முறையான காகிதங்களோடு வந்த தாய்ப் பவளத்திலிருந்து ஒரு வியாபாரி எனக்கு உடைத்துக் கொடுத்த விரல் நுனித் துண்டு அது. நாலு வருடம் என் வீட்டுச் சின்னத் தொட்டியில் கையால் சுண்ணாம்பு மருந்து ஊற்றி வளர்த்தேன். பச்சைக் கொம்புகள் இரண்டு கை அகலத்துக்குப் பரவியதும் என் தொட்டி போதவில்லை. இங்கே ரியாக்டர் இருக்கிறதே என்று கொண்டுவந்து வைத்தேன். "உன்னோடதுதானே, எப்போ வேணா எடுத்துண்டு போ" என்றார் ஆடிட்டர். என் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பொறுமையாக நான் சோறு ஊட்டியதில்லை என்று என் மனைவி சொல்வாள். அவள் சொன்னது சரிதான்.

போன மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து பதினைந்து நாள் படுத்துவிட்டேன். வாரம் இரண்டு முறை போக வேண்டிய வீடு. படுத்தபடியே ஆடிட்டருக்கு போன் போட்டு, உள்ளே நீர் எவ்வளவு புளித்திருக்கிறது என்பதற்கு ரியாக்டரின் சின்னத் திரை என்ன எண் காட்டுகிறது என்று கேட்பேன்.

"ஆறரைலயே நிக்கறதுப்பா. நீ சொன்ன அளவுதான். எல்லாம் நன்னா இருக்கு, நீ உடம்பைப் பார்த்துக்கோ" என்பார்.

எண் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நானும் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் போனேன். கதவைத் திறந்ததும் கூடத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. என் பவளம். அடியிலிருந்து தோல் உரிந்து நுனிவரை போயிருந்தது. ஒரு கொம்பில்கூடப் பச்சை இல்லை. அதே தொட்டியில் இருந்த அவருடைய பவளங்கள் மெதுவாக வளரும் ரகம் என்பதால் சுருங்கியபடி உயிரோடு கிடந்தன.

கீழே அலமாரியைத் திறந்தேன். சிலிண்டருக்குச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தது. சொட்டுக் குழாயின் திருகு இறுக்கி மூடியிருந்தது. போக வழியில்லாத நீர் உருளைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, திரையில் ஒழுங்காக ஆறரை காட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா சார் இது? இத்த யாரு மூடனது?"

"நான்தாம்ப்பா. வாஸ்து பார்க்கறவர் வந்திருந்தார். தொட்டி ஈசான்ய மூலைல இருக்கறது ரொம்ப விசேஷம்னார். ஆனா இது ஏன் சொட்டறதுன்னு கேட்டேன், ஆத்துல ஜலம் இப்படி சொட்டிண்டே இருந்தா காசு தங்காதுன்னுட்டார். அதான் இறுக்கிட்டேன்."

ஊரார் கணக்கையெல்லாம் அலசிய மனுஷன். ஒரு சொட்டு விழுவதைப் பார்த்துப் பயந்திருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அவர் தொட்டி அருகே போய், என் பவளத்தை விரலால் காட்டினார்.

"இதைப் பாரேன். இப்போதான் பேஷா இருக்கு. அந்த நாள்ல ராமேஸ்வரத்துல வெள்ளைப் பவழம் விப்பாளே, அது மாதிரி பளபளன்னு. மத்ததையும் இப்படி வெள்ளையாப் பண்ண முடியுமோ?"

நாக்கில் வந்ததையெல்லாம் சொல்லாமல் இருக்கச் சிரமப்பட்டேன். "சார், அது செத்துப் பூட்ச்சு சார். நீங்க பாக்குறது அதோட எலும்பு" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. அவரை அலமாரி முன்னால் முட்டி போட வைத்தேன். வாயு எங்கே வருகிறது, நீர் எப்படிப் புளிக்கிறது, கல் எப்படிக் கரைகிறது, அந்த ஒரு சொட்டில் என்ன போகிறது, எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொன்னேன். திருகை லேசாகத் திறந்து, சொட்டு விழுவதையும் காட்டினேன்.

கடைசிவரை கேட்டுவிட்டு அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"சோறு போயிண்டிருக்கற வழியையா நான் அடைச்சேன்?" என்றார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கப்படாதோ? அஞ்சு நிமிஷம்கூட ஆகலையே."

ரியாக்டரை மாட்டிய அன்று, அலமாரிக்குள் தலையை நீட்டி, "இது என்ன பண்றதுப்பா?" என்று அவர் கேட்டிருந்தார். நான் போன எந்த வீட்டிலும் யாரும் கேட்காத கேள்வி. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார், உடுங்க" என்று பதில் சொன்னவன் நான். வாஸ்துக்காரராவது அவர் கேட்டதற்கு உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்.