'டேலைட்' பல்பும் அரக்குப் புடவையும்

மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்தில் நானும் தங்கையும் மேட்சிங் பிளவுஸ் துணிக் கடை போட்டோம். அவள் கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்தவள். எங்களுக்கு எதிரி தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருக்கிறது என்று தெரியச் சில மாதங்கள் ஆயின.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கடைக்குள் நின்று நிறத்தை முடிவு செய்ய மாட்டார்கள். புடவையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் வியாபாரமெல்லாம் வேலை முடிந்து ரயிலில் இறங்குகிறவர்களிடம்தான். அந்த நேரத்தில் வெயிலுக்கு எங்கே போவது? பல்பு வெளிச்சத்தில் வாங்கிப் போய், மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து வாட்ஸ் அதிகமான எல்.இ.டி. பல்பு வாங்கினேன். வீட்டில் ஜீரோ வாட்ஸ் பல்பை மாட்டிவிட்டு, ஜீரோ என்றால் எப்படி எரிகிறது என்று ஒருநாளும் கேட்காத ஆள் நான். வாட்ஸைக் கூட்டியும் பலிக்கவில்லை. அப்புறம் ஒரு பெட்டியில் 'டேலைட்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். சூரியனையே வாங்கி வந்த தெம்பில் மாட்டினேன்.

அந்த வெளிச்சத்தில்தான் பழவேற்காட்டு அக்கா ஒருவர், மகளின் முகூர்த்தப் புடவைக்குத் துணி எடுத்துப் போனார். மறுநாளே வந்துவிட்டார்.

"இன்னாமா இது? இங்க அரக்கா இருந்துச்சு, ஊட்டுக்குப் போயி பாத்தா காப்பிக்கொட்ட கலரா கீது. நாளிக்கு சாய்ந்தரம் வரேன். இந்தவாட்டி சரியா எட்த்து வெய்யி."

அவர் போனதும் தங்கை சொன்னாள்: "நாளிக்கு குடுக்கறதும் திரும்பி வந்துச்சுன்னா நான் கம்பெனிக்கே போயிடுவேன்க்கா. என்னால தெனம் பேச்சு வாங்கிக்கினு நிக்க முடியாது."

மறுநாள் காலை பல்புப் பெட்டிகளை மேஜையில் பரப்பி, ஒவ்வொரு சொல்லாக போனில் தேடினேன். வாட்ஸ் என்பது பல்பு இழுக்கும் கரண்டாம். வெளிச்சத்தின் அளவுக்கு லூமென் என்று தனிக் கணக்கு. இத்தனை நாள் செலவைப் பார்த்து வரவென்று நினைத்திருக்கிறேன். கெல்வின் என்றால் வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பது. என்னை ஏமாற்றிய 'டேலைட்' அந்த வகையில் வந்த பெயர்தான். வெள்ளையாக எரியும், அவ்வளவே.

போனில் அடுத்து வந்த சொல்லைப் படித்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். சி.ஆர்.ஐ. என்பது, பொருளின் நிறத்தைப் பல்பு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மார்க். சூரிய வெளிச்சத்துக்கு நூறு. எங்கள் பெட்டிகளில் அந்த எழுத்தே இல்லை. நல்ல மார்க் வாங்கிய பிள்ளை அதை மறைக்குமா?

எலக்ட்ரிக் கடைக்கு ஓடினேன்.

"எத்தினி வாட்ஸ்மா?"

"வாட்ஸ் கெடக்கட்டும்ண்ணா. சி.ஆர்.ஐ. தொண்ணூறுக்கு மேல இருக்கறதா குடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உள்ளே தேடித் தூசி தட்டி எடுத்து வந்தார்.

வெயில் உள்ளே வராதபடி ஷட்டரை இறக்கிவிட்டு பல்பைப் போட்டேன். நேற்றுவரை ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணிகளில் ஒன்று பளிச்சென்று அரக்கு, இன்னொன்று அசல் காப்பிக்கொட்டை. தங்கையை இழுத்து வந்து காட்டினேன்.

"டியூப்லைட்டுக்கா நீ. இப்பத்தான் எரியிற," என்றாள். சிரித்தாள்தான், ஆனால் போக மாட்டேன் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தார். அரக்குத் துணியை எடுத்துக் கொடுத்தேன். இருட்டிவிட்டது என்று தெரிந்தும் பழக்கத்தில் வாசலுக்குப் போய்ப் பார்த்தார். துணியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, விளக்கு வைத்த நேரத்தில், அதே பையோடு படியேறினார். தங்கை பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா பைக்குள்ளிருந்து பச்சைப் புடவை ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார்.

"இது சம்பந்தியம்மாவுக்கு. அன்னிக்கி குட்த்த மாறியே சரியா பாத்துக் குடு."

நான் துணியைப் புடவை மேல் வைத்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பார்த்துத் தலையாட்டினார். வாசல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவரிடம் திரும்பிவிட்டாள். "எத்தினி மீட்டர்க்கா வெட்டட்டும்?"